பேச்சு தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டியது

ஏற்காடு மலையில் ஒரு காப்பித் தோட்டத்தில், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீட்டு வாசலில் சமூகப் பணி ஆபீஸின் பெயர்ப்பலகை மாட்டிய வண்டி வந்து நின்றால், பத்து நிமிடத்தில் லைன் முழுக்கச் சேதி போய்விடும். யார் வந்தார்கள், எந்த வீட்டுக்கு, எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தார்கள், வெளியே வரும்போது அந்தப் பெண்ணின் முகம் எப்படி இருந்தது என்பது வரைக்கும் தெரிந்துவிடும். உள்ளே என்ன பேசினார்கள் என்பது மட்டும் தெரியாது. அதை லைனே சேர்ந்து இட்டுக்கட்டிக்கொள்ளும். சமூகப் பணி வகுப்பில் ரகசியக் காப்பைச் சட்டப் பிரிவுகளிலிருந்து தொடங்கி நடத்துவார்கள். மலையில் அது வண்டியை எங்கே நிறுத்துகிறோம் என்பதிலேயே தொடங்கிவிடுகிறது.

அதனால் வண்டியை ரேஷன் கடைப் பக்கமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ விட்டுவிட்டு நடந்து போக வேண்டும். கழுத்தில் அடையாள அட்டை தொங்க வேண்டாம், பைக்குள் இருக்கட்டும், கேட்டால் காட்டலாம். கையில் ஃபைல் கூடாது. ஒரே வீட்டுக்கு நேராகப் போய்த் திரும்பாமல், முன்னும் பின்னும் இரண்டு வீட்டில் சாதிச் சான்று, முதியோர் உதவித்தொகை என்று நிஜமாகவே ஒரு வேலையைப் பார்த்துவிட்டு வர வேண்டும். நிஜமாகவே என்பதை அழுத்திச் சொல்கிறோம். சாக்குக்குப் பெயர் எழுதிக்கொண்டு போய் மறந்துவிட்டால் அடுத்த முறை அந்த லைனில் யாரும் தண்ணீர்கூடக் கொடுக்க மாட்டார்கள்.

வேலை நேரத்தில் காட்டுக்குள் போய் ஒரு பெண்ணை மட்டும் தனியே கூப்பிடுவது அதைவிட மோசம். கூப்பிட மேஸ்திரியிடம் அனுமதி கேட்க வேண்டும், கூடப் பழம் பறிக்கிறவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள், அரை நாள் கூலியும் போகும். சாயங்காலம் போனால் வீட்டில் ஆண்கள் இருப்பார்கள். கைக்குழந்தைக்காரிக்குப் புதன்கிழமை நல்ல நாள். தடுப்பூசி நாள் என்பதால் சுகாதார நிலையத்துக்கு ஏன் போனாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள். செவிலியரிடம் முன்கூட்டியே சொல்லி, கதவு சாத்தக்கூடிய ஒரு அறையை இருபது நிமிடத்துக்கு வாங்கி வைத்துக்கொண்டால் போதும். வாரத்துக்கு ஒரு புதன்தான் என்பதால் அவசரத்துக்கு இது உதவாது.

கீழே சேலத்தில் சிக்கல் வேறு மாதிரி. அம்மாப்பேட்டைப் பக்கம் தறி ஓடும் வீட்டில் பேச வேண்டுமென்றால் கத்தித்தான் பேச வேண்டும். தறியை நிறுத்தச் சொன்னால் இன்னும் ஆபத்து: தறி ஏன் நின்றது என்று பார்க்க முதலாளியோ பக்கத்து வீட்டுக்காரரோ வந்துவிடுவார். அந்தத் தெருவில் சத்தத்தை யாரும் கவனிப்பதில்லை, சத்தம் நின்றால்தான் கவனிப்பார்கள். செவ்வாய்ப்பேட்டை, பனங்காடு பக்கத்துக் கொலுசுப் பட்டறைகளில் ஒரே அறையில் நாலைந்து பேர் முட்டி இடிக்க உட்கார்ந்து பற்றவைத்துக்கொண்டிருப்பார்கள், அங்கே வாயே திறக்க வேண்டாம். வேறு இடம், வேறு நேரம் குறித்துக்கொண்டு திரும்பிவிடுவதுதான் வேலை. “வந்ததுதான் வந்தோம், ரெண்டு கேள்வி கேட்டுட்டுப் போயிடலாம்” என்ற எண்ணம்தான் பாதிக் கேஸ்களைக் கெடுக்கிறது.

அடுத்தது கைப்பேசி. நம்பர் வாங்கும்போதே நாலு கேள்வி கேட்க வேண்டும்: இந்த போன் உங்களுடையதா, வீட்டுக்கே பொதுவா? வேறு யார் எடுப்பார்கள்? எந்த நேரத்தில் கூப்பிடலாம்? வேறு யாராவது எடுத்தால் நான் யாரென்று சொல்லட்டும்? கடைசிக் கேள்விக்குப் பதிலை அவரே சொல்ல வேண்டும், நாம் கதை கட்டக் கூடாது. மகளிர் குழு, தையல் வகுப்பு என்று அவர் வாழ்க்கையில் ஏற்கெனவே உள்ள ஒன்றை அவரே சொல்வார். நாமாக எதையோ சொல்லி வைத்தால் மாட்டிக்கொள்வது அவர்தான். வாட்ஸ்அப்பில் எதையும் அனுப்ப வேண்டாம், “நாளைக்கு வர முடியுமா” என்பதைக்கூட.

முதல் ஒரு நிமிடம்

களத்தில் அடிக்கடி கேட்கும் பொய், “நீங்க எது சொன்னாலும் எங்கிட்டயே இருக்கும்” என்பது. கெட்ட எண்ணத்தில் யாரும் சொல்வதில்லை. எதிரே இருப்பவர் தயங்குகிறார், கண்ணில் நீர் முட்டுகிறது, வாய் தானாக அப்படிச் சொல்லிவிடுகிறது. அதை நம்பி அவர் ஒன்றைச் சொல்கிறார். சொன்னது காவல் நிலையத்துக்குப் போயே தீர வேண்டிய விஷயமாக இருக்கிறது. அப்புறம் அவர் நம்மை மட்டும் வெறுப்பதோடு நிறுத்த மாட்டார். அங்கன்வாடி டீச்சர், கிராம சுகாதார செவிலியர், நாளைக்கு வரப்போகும் இன்னொரு கவுன்சிலர் என்று யாரையுமே நம்ப மாட்டார்.

ரகசியத்துக்கு எல்லை இருக்கிறது என்பதைக் கதை வெளிவருவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். ஒரு நிமிடம் போதும். ஏறக்குறைய இப்படி:

“அக்கா, நீங்க பேசறதை நான் உங்க வீட்லயோ, ஊர்லயோ, மேஸ்திரிகிட்டயோ சொல்ல மாட்டேங்க. ஆனா மூணு விஷயம் மட்டும் எங்கிட்டயே நிக்காது. பதினெட்டு வயசு ஆகாத புள்ளைகிட்ட யாராவது தப்பா நடந்திருந்தா, நடந்துக்குவாங்கன்னு பயம் இருந்தா, அதை நான் போலீஸ்ல சொல்லியாகணும், சட்டம் அப்படிங்க. உங்க உயிருக்கோ இன்னொருத்தர் உயிருக்கோ ஆபத்துன்னு தெரிஞ்சா, காப்பாத்தறதுக்கு யார்கிட்டச் சொல்லணுமோ அவங்ககிட்ட மட்டும் சொல்லுவேன். கோர்ட்டு எழுத்துல கேட்டா என்னால மறைக்க முடியாது. இதுபோக எங்க ஆபீஸ்ல ஒருத்தர் இந்த ஃபைலைப் பாப்பாங்க. எதைச் சொல்றதா இருந்தாலும் முடிஞ்ச வரைக்கும் உங்ககிட்டச் சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்.”

கடைசி வாக்கியத்தில் வரும் ‘முடிஞ்ச வரைக்கும்’ தற்செயலாக வந்த சொல் இல்லை. குற்றம் செய்தவர் அதே வீட்டில் இருக்கும்போது, போலீஸில் சொல்லப்போகிறோம் என்று வீட்டில் முதலில் சொன்னால் குழந்தையை இரவோடு இரவாக வேறு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். காப்பாற்ற முடியாத வாக்கை இந்த இடத்திலும் கொடுக்க வேண்டாம்.

சொல்லி முடித்துவிட்டு “புரிஞ்சுதாங்க?” என்று கேட்பதில் பயனில்லை. எல்லாரும் “ம்” என்றுதான் சொல்வார்கள். “எதையெல்லாம் நான் வெளிய சொல்ல வேண்டி வரும்னு சொன்னேன்?” என்று கேட்டுப் பாருங்கள். முதல் தடவை பெரும்பாலும் ஒன்றுதான் நினைவில் நின்றிருக்கும். மீதியைத் திரும்பச் சொல்லலாம். இதையே பதினான்கு பாயின்ட் ஒப்புதல் படிவமாக அச்சடித்துக் கைநாட்டு வாங்கிவிட்டு, எல்லையைச் சொல்லியாயிற்று என்று ஃபைலில் எழுதுகிற பழக்கம் இருக்கிறது. அந்தப் படிவம் ஆபீஸைக் காப்பாற்றும், கைநாட்டு வைத்தவரைக் காப்பாற்றாது.

ஒரு தடவை சொன்னதும் போதாது. இரண்டாவது, மூன்றாவது சந்திப்பில் பேச்சு ஆழமாகப் போகும் முன் நினைவூட்ட வேண்டும். முக்கியமாக, “உங்ககிட்ட மட்டும் ஒண்ணு சொல்றேன்க்கா, யார்கிட்டயும் சொல்லக் கூடாது” என்று அவர் ஆரம்பிக்கும் கணத்தில் கையை லேசாக உயர்த்தி நிறுத்துங்கள். “சொல்லுங்க, கேக்கறேன். ஆனா அன்னைக்குச் சொன்ன மூணுல ஒண்ணா இருந்தா எங்கிட்டயே வச்சுக்க முடியாது. தெரிஞ்சுகிட்டுச் சொல்லுங்க.” சிலர் அதோடு வாயை மூடிக்கொள்வார்கள். எல்லையைச் சொன்னால் யாரும் பேச மாட்டார்கள் என்று எதிர்வாதம் செய்பவர்கள் காட்டுவது இவர்களைத்தான். மூடிக்கொள்வது அவர்கள் உரிமை. ஏமாந்து பேசியவரைவிட, யோசித்துவிட்டு அடுத்த வாரம் வருபவருக்குத்தான் நம்மால் உருப்படியாக எதுவும் செய்ய முடிகிறது.

இன்னும் சிலர், “எனக்குத் தெரிஞ்ச ஒரு புள்ளைங்க...” என்று சுற்றி வருவார்கள். பொதுவாகக் கேட்டால் பொதுவாகப் பதில் சொல்லலாம்: போலீஸில் என்ன நடக்கும், யார் வாக்குமூலம் வாங்குவார்கள், பெயர் வெளியே வருமா என்று. பெயரைக் கறக்கத் தந்திரம் பண்ண வேண்டாம். ஆனால் அந்தப் பிள்ளை யார் என்று நமக்கே விளங்கிவிட்ட பிறகு, ‘பெயர் சொல்லவில்லையே’ என்று நாம் ஒளிந்துகொள்ள முடியாது. குற்றம் நடந்ததாகத் தெரிந்தாலும் நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலும் தகவல் சொல்ல வேண்டும் என்றே சட்டம் எழுதப்பட்டிருக்கிறது.

பதினெட்டு

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க வந்த 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 19ஆவது பிரிவு இந்தக் கடமையை ‘எந்த நபரும்’ என்று போட்டிருக்கிறது. கவுன்சிலர், ஆசிரியர், மருத்துவர், பக்கத்து வீட்டுக்காரர் என்ற வித்தியாசம் கிடையாது. சொல்லாமல் விட்டால் 21ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தனக்குக் கீழ் வேலை செய்பவர் செய்ததை மறைத்தால் ஓராண்டு வரை சிறையும் அபராதமும். விடுதி நடத்துபவர்கள் இந்த வரியைப் படித்திருக்கிறார்களா என்பது சந்தேகமே. நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர் மீது வழக்குப் போட முடியாது என்பதும் அதே 19ஆவது பிரிவில் இருக்கிறது.

தகவல் போக வேண்டிய இடம் உள்ளூர்க் காவல் நிலையம் அல்லது சிறப்புச் சிறார் காவல் பிரிவு. குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குக் கூப்பிடுவது நல்லதுதான், உதவி வரும். ஆனால் அதோடு நம் கடமை முடிந்துவிட்டதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். காவல் நிலையத்தில் எழுத்தில் கொடுத்து, பதிவு எண்ணை வாங்கி, தேதியும் நேரமும் ஃபைலில் குறிக்க வேண்டும். தகவலுக்கு எண் போட்டு, எழுதி, வாசித்துக் காட்ட வேண்டும் என்று சட்டமே சொல்வதால் கேட்கத் தயங்க வேண்டியதில்லை. குழந்தைக்குப் பாதுகாப்பு தேவைப்பட்டால் 24 மணி நேரத்துக்குள் ஏற்பாடு செய்வதும், குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தெரிவிப்பதும் போலீஸின் வேலை.

பிள்ளையிடம் என்ன சொல்வது? உண்மையைத்தான். “பாப்பா, நீ சொன்னது பெரிய விஷயம். உன் மேல எந்தத் தப்பும் இல்ல. இதை நிறுத்தணும்னா நான் இன்னும் ரெண்டு பேர்கிட்டச் சொல்லணும்.” அடுத்து நடக்கப்போவதையும் சொல்லிவிட வேண்டும்: வாக்குமூலம் வாங்க இயன்றவரை பெண் போலீஸ்தான் வருவார், சப்-இன்ஸ்பெக்டருக்குக் கீழ் இருக்கக் கூடாது, யூனிஃபார்மில் வரக் கூடாது, வீட்டிலோ அவள் கேட்கிற இடத்திலோ பேசலாம், அவள் நம்பும் ஒருவர் கூட இருக்கலாம், ராத்திரி காவல் நிலையத்தில் வைக்கக் கூடாது. பெற்றோர் தவிர வேறு யார் கூட இருக்க வேண்டும் என்று பிள்ளையையே கேட்பது நல்லது. பாட்டியை, டீச்சரைச் சொல்லும் பிள்ளைகள் உண்டு.

நாம் செய்யக் கூடாதது விசாரணை. எத்தனை தடவை, எந்தத் தேதி, அப்புறம் என்ன செய்தான் என்று தோண்டத் தோண்ட, பிள்ளை அதே கதையை அங்கன்வாடியில் ஒரு தடவை, நம்மிடம் ஒரு தடவை, போலீஸில் ஒரு தடவை, மருத்துவரிடம் ஒரு தடவை, மாஜிஸ்திரேட்டிடம் ஒரு தடவை சொல்லும்படி ஆகிறது. ஒவ்வொரு தடவையும் ஒரு சொல் மாறும். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு குறுக்கு விசாரணையில் வக்கீல் உலுக்குவார். பிள்ளை தானாகச் சொன்னதை அதன் வார்த்தையிலேயே, மேற்கோள் குறிக்குள், சொன்ன உடனே எழுதி வையுங்கள். ‘பாலியல் துன்புறுத்தல்’ என்று நம் மொழிக்கு மாற்ற வேண்டாம். பிள்ளை “அங்க கை வச்சாங்க” என்றால் அப்படியே இருக்கட்டும்.

மலையிலும் கீழேயும் களப்பணியாளர்கள் உண்மையில் திணறுவது வேறொரு இடத்தில். பதினேழு வயசுப் பெண், விரும்பியே கட்டிக்கொண்டவள் அல்லது வீட்டில் கட்டிக்கொடுக்கப்பட்டவள், இப்போது மூணு மாசம். யார் மீதும் புகார் இல்லை, ஸ்கேன் எடுக்க வேண்டும், அவ்வளவுதான். சட்டத்தின் கண்ணில் அவள் குழந்தை. விருப்பம் கணக்கில் வராது, கல்யாணமும் காக்காது. சுகாதார நிலையத்தில் கர்ப்பத்தைப் பதியும்போதே வயது தெரிந்துவிடும், தகவல் போய்விடும். அந்தப் பயத்தில் பிரசவ வலி வரும்வரை ஆஸ்பத்திரிப் பக்கமே வராமல் இருந்துவிடுகிறார்கள், வீட்டிலேயே பெற்றுக்கொள்ளவும் துணிகிறார்கள். இரத்தசோகையும் அதிக இரத்த அழுத்தமும் இந்த வயதுக்காரிகளைத்தான் அதிகம் பிடிக்கும் என்பதால் இது உயிர் விஷயம். சட்டத்தைக் கொண்டுவந்தவர்கள் நல்லதை நினைத்துத்தான் கொண்டுவந்தார்கள். ஆனால் இந்த ஒரு இடத்தில் அது காக்க வேண்டியவளையே விரட்டுகிறது என்பது எங்கள் எண்ணம்.

சின்னதாக ஒரு வாசல் திறந்திருக்கிறது. 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் அவள் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், போக்சோ தகவலில் அவள் பெயரையும் அடையாளத்தையும் மருத்துவர் குறிப்பிட வேண்டியதில்லை என்று சொன்னது. இது பதிவுபெற்ற மருத்துவருக்கு, கருக்கலைப்புச் சூழலில் மட்டும். கவுன்சிலருக்கோ செவிலியருக்கோ இது பொருந்தும் என்று நாமாக நீட்டிக்கொள்ள முடியாது. பெயர் தெரிந்துவிடுமே என்று தயங்கி நிற்கும் பெண்ணிடமும் அவள் அம்மாவிடமும் இப்படிக் கேட்க வழி இருக்கிறது என்று சொல்லி அனுப்பலாம், சொல்லியே ஆக வேண்டும்.

பெரியவர்களுக்கு வேறு கணக்கு

அடி வாங்கும் மனைவியின் விஷயத்தில் போக்சோ பழக்கத்திலேயே நடந்துகொள்வது பெரிய தவறு. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் 4ஆவது பிரிவில் யாரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் கொடுக்க‘லாம்’ என்றுதான் இருக்கிறது, கொடுத்தே ஆக வேண்டும் என்று இல்லை. அவர் வயது வந்தவர். புகார் கொடுப்பதா, அம்மா வீட்டுக்குப் போவதா, இப்போதைக்குப் பொறுத்துக்கொள்வதா என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். ‘நல்லதுதானே’ என்று அவரைக் கேட்காமல் மகளிர் காவல் நிலையத்தில் சொல்லி, அவர்கள் கணவனைக் கூப்பிட்டு எச்சரித்து அனுப்பிவிட்டால், அன்று ராத்திரி அந்த வீட்டில் அவரோடு இருக்கப்போவது போலீஸ் இல்லை. உயிருக்கே ஆபத்து என்ற நிலை வந்தால்தான் எல்லையைத் தாண்டலாம். தொண்டையை நெரித்தான், அரிவாளைக் காட்டினான், அடி நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகிறது என்பவை அந்த நிலையின் அறிகுறிகள். அந்தப் பெண்ணைக் காப்பு இல்லத்தில் தங்க வைத்தால், அவர் கேட்டுக்கொள்ளும் பட்சத்தில் அவர் அங்கே இருப்பதை எதிர்த்தரப்புக்குச் சொல்லக் கூடாது. “அவ அண்ணன்ங்க, பாத்துட்டுப் போயிடறேன்” என்று வாசலில் வந்து நிற்பவரிடம், அப்படி ஒருவர் இருக்கிறார் என்றும் இல்லை என்றும் சொல்லாமல் பேசக் காவலாளிக்கும் பழக்கித்தர வேண்டும். பெரும்பாலும் விஷயம் காவலாளி வாயில்தான் கசிகிறது.

எச்.ஐ.வி. விஷயத்தில் 2017ஆம் ஆண்டுச் சட்டம் மிக நுணுக்கமாகப் படி கட்டியிருக்கிறது. துணைவருக்குச் சொல்லும் அதிகாரம் மருத்துவருக்கும் கவுன்சிலருக்கும் மட்டும். அதற்கும் நாலு படி: துணைவருக்குத் தொற்றும் அபாயம் கணிசமாக இருக்கிறது என்று நம்பக் காரணம் வேண்டும்; நீங்களே சொல்லிவிடுங்கள் என்று தொற்றுள்ளவருக்கு ஆலோசனை தந்திருக்க வேண்டும்; அவர் சொல்லப்போவதில்லை என்று உறுதிப்பட வேண்டும்; நாங்கள் சொல்லப்போகிறோம் என்று அவரிடம் முன்கூட்டியே தெரிவித்திருக்க வேண்டும். அப்புறமும் நேரில், ஆலோசனையோடுதான் சொல்ல வேண்டும். சொன்னால் அடி விழும், வீட்டை விட்டுத் துரத்துவார்கள் என்ற நியாயமான பயம் இருந்தால், குறிப்பாகப் பெண்கள் விஷயத்தில், சொல்லவே கூடாது. களத்தில் நடப்பதோ வேறு. எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்துக்கு ஒருவரை அனுப்பிவிட்டு வந்த பணியாளர், ‘பாவம், அந்தப் பொண்ணுக்குத் தெரியாதே’ என்று மாமியாரிடம் சூசகமாகச் சொல்லிவிடுகிறார். மாமியாருக்குச் சொல்ல எந்தச் சட்டமும் யாருக்கும் அனுமதி தரவில்லை.

உயிர் ஆபத்து என்ற எல்லைக்குப் பிறப்பிடம் கலிஃபோர்னியா. 1976இல் தாராசாஃப் வழக்கில் அங்குள்ள உச்ச நீதிமன்றம், நோயாளியால் ஒருவருக்கு ஆபத்து என்று தெரிந்த மனநல நிபுணருக்கு அந்த ஒருவரைக் காக்கும் கடமை உண்டு என்றது. நம் ஊரில் 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் 23ஆவது பிரிவு, பிறருக்குத் தீங்கு நேராமல் தடுக்கத் தகவலை வெளியிட விதிவிலக்குத் தருகிறது. கூடவே ஒரு கடிவாளமும் போடுகிறது: அந்தத் தீங்கைத் தடுக்க எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் வெளியே போகலாம். இந்தக் கடிவாளத்தை எல்லாக் கேஸுக்கும் போட்டுக்கொள்வது நல்லது. ஒருவர் சாக நினைக்கிறார் என்றால் அவர் அண்ணியிடம், “வீட்டுல இருக்கற பூச்சிமருந்தை இன்னைக்கே வேற இடத்துக்கு மாத்திடுங்க, ரெண்டு நாளைக்குத் தனியா விடாதீங்க, சேலம் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிட்டு வாங்க” என்பது போதும். ஏன் அந்த நினைப்பு வந்தது, கடனா, காதலா, யாரிடம் அவமானப்பட்டார் என்பது அண்ணிக்குத் தேவையில்லை. அந்த நேரத்தில் கூப்பிட 104 (மருத்துவ உதவி), 14416 (மனநல உதவி) இரண்டு நம்பரையும் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

கோர்ட்டு விஷயம் சுருக்கமானது, ஆனால் பலருக்குத் தெரியாதது. வக்கீலிடம் கட்சிக்காரர் சொல்வதற்குப் பாரதிய சாட்சிய சட்டம் 132ஆவது பிரிவின் பாதுகாப்பு உண்டு. சமூகப் பணியாளருக்கு அது கிடையாது. நீதிமன்றம் கேட்டால் ஃபைல் போகும். அதனால் ஃபைலை எழுதும்போதே, இதை ஒருநாள் எதிர்த்தரப்பு வக்கீல் வாசிப்பார் என்று நினைத்து எழுத வேண்டும். ‘நடத்தை சரியில்லாதவர் போலத் தெரிகிறது’ என்று போகிறபோக்கில் எழுதிய ஒரு வரி, மூன்று வருஷம் கழித்து ஒரு தாயிடமிருந்து பிள்ளையைப் பிரிக்கலாம். ஆனால் போலீஸ்காரர் ஒருவர் போனில் “அந்த ஃபைலைக் கொஞ்சம் வாட்ஸ்அப்ல போடுங்க மேடம்” என்பது கோர்ட்டு உத்தரவாகாது. குற்ற நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 94ஆவது பிரிவின் கீழ் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். பணிவாகச் சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், கோபித்தாலும் பரவாயில்லை.

தொட்டில்

பெயர் கேட்காமல் இருப்பதையே ஒரு அரசுத் திட்டமாக்கிய மாவட்டம் இது. 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது சேலத்தில்தான். பெண் சிசுக்களைக் கொல்வதைத் தடுக்க, வேண்டாமென்றால் இந்தத் தொட்டிலில் விட்டுவிட்டுப் போங்கள், யார் என்று கேட்க மாட்டோம் என்ற ஏற்பாடு. அதன் மீது விமர்சனங்கள் உண்டு, அவற்றில் நியாயமும் உண்டு. ஆனால் ‘கேட்க மாட்டோம்’ என்ற ஒரு வாக்கு ஒரு உயிருக்குச் சமமாக இருந்த இடம் அது.

இப்போது குழந்தையை ஒப்படைக்க 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 35ஆவது பிரிவின் வழி இருக்கிறது. குழந்தைகள் நலக் குழு முன்பு வர வேண்டும், விசாரணையும் ஆலோசனையும் நடக்கும், மனம் மாறினால் திரும்பப் பெற்றுக்கொள்ள இரண்டு மாதம் அவகாசம். அந்த இரண்டு மாதத்தில்தான் ரகசியம் உடையும். காரணம் எளிது. பிரசவம் சுகாதாரப் பதிவேட்டில் ஏறியிருக்கும். தடுப்பூசிக்கு வரவில்லையே என்று செவிலியர் வீட்டுக்கே வந்து, “குழந்தை எங்கம்மா?” என்று வாசலில் நின்று கேட்பார். அவர் தன் வேலையைத்தான் பார்க்கிறார். ஒப்படைத்த அன்றே குழுவிடமிருந்து மருத்துவ அலுவலருக்கு ஒரு மூடிய கடிதம் போய், இந்தப் பதிவு எண்ணுக்கு வீட்டு விசாரிப்பு வேண்டாம் என்ற ஒரு வரி சேர்ந்துவிட்டால் அந்தக் கேள்வி எழாது. கடிதத்தில் பெயர் வேண்டியதில்லை, காரணம் வேண்டவே வேண்டாம்.

காகிதத்திலும் படத்திலும்

பெயரை மாற்றிவிட்டால் ஆளை மறைத்துவிட்டோம் என்று நினைப்பது நகரத்துப் பழக்கம். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைச் சிற்றூர்களில் சிலதில் வீடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். ‘நாகலூர் பக்கத்துக் கிராமம், கணவனை இழந்தவர், இரண்டு பெண் குழந்தைகள், மிளகு பறிக்கும் வேலை’ என்று ஆண்டறிக்கையில் போட்டால், பெயரை ‘லட்சுமி’ என்று மாற்றியதால் யாருக்கு என்ன மறைந்தது? ஊர், தொழில், குடும்ப அமைப்பு மூன்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் எடுத்துவிடுங்கள். முகத்தை மங்கலாக்கிய படத்திலும் பள்ளிச் சீருடையின் நிறம், பின்னால் தெரியும் கோயில், அம்மா கட்டியிருக்கும் சேலை எல்லாம் காட்டிக்கொடுக்கும். குழந்தையின் அடையாளத்தை வெளியிட்டால் இளைஞர் நீதிச் சட்டம் 74ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். இது பத்திரிகைக்காரர்களுக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டு நன்கொடையாளர் குழுவில் படம் போடுபவர்கள் இருக்கிறார்கள்.

களத்துக்குக் கொண்டு போகும் நோட்டில் எண் மட்டும் இருக்கட்டும். எண்ணுக்கு உரிய பெயர் ஆபீஸில் தனி நோட்டில், பூட்டிய பீரோவில். சாவி இரண்டு பேரிடம் மட்டும். பஸ்ஸில் நோட்டை மறந்துவிட்டு இறங்கினால் யாருக்கும் ஒன்றும் தெரியாது என்ற நிலைதான் அளவுகோல். டீம் வாட்ஸ்அப் குழுவில் கேஸ் பேசக் கூடாது. ஆபீஸை விட்டுப் போனவர்கள் அதில் இன்னும் இருப்பார்கள், ஒருவரின் போனில் அவர் மகன் விளையாடிக்கொண்டிருப்பான்.

மொழிபெயர்ப்பு இன்னொரு ஓட்டை. விசைத்தறியிலும் எஸ்டேட்டிலும் இப்போது வடமாநிலத்துக் குடும்பங்கள் நிறைய. அவர்களில் ஒரு பெண்ணிடம் பேச, தமிழ் தெரிந்த ஒரே ஆள் என்று லேபர் கான்ட்ராக்டரையே பக்கத்தில் உட்கார வைத்தால், கேட்ட கேள்விக்கு வரும் பதில் அவருடையதுதான். பெண்ணின் பதிலை யாரும் கேட்கப்போவதில்லை. பத்து வயசு மகனை மொழிபெயர்க்க வைப்பது அதைவிடக் கொடுமை, அம்மா பட்டதை அவன் வாயாலேயே சொல்ல வேண்டி வரும். அந்த மொழி தெரிந்த, அந்த வேலையிடத்தோடு சம்பந்தம் இல்லாத பெண் ஒருவரைத் தேடிப் பிடித்து, ரகசியம் காப்பதாக எழுத்தில் வாங்கிக்கொண்டு, பேச்சை இரண்டு நாள் தள்ளிப்போடலாம். காது கேளாத பிள்ளை என்றால் சைகை மொழி தெரிந்தவரையோ சிறப்பு ஆசிரியரையோ உதவிக்கு வைத்துக்கொள்ளப் போக்சோ சட்டமே வழி சொல்கிறது.

கிராம அளவிலான குழந்தைப் பாதுகாப்புக் குழுக் கூட்டம் நடக்கும். பஞ்சாயத்துத் தலைவர் தலைமையில், அங்கன்வாடிப் பணியாளர், ஆசிரியர், ஊர்க்காரர்கள் எல்லாரும் இருப்பார்கள். அங்கே ‘பள்ளிக்கு வராமல் நின்ற பிள்ளைகள் மூன்று பேர், இரண்டு பேர் திரும்ப வந்துவிட்டார்கள்’ என்பதோடு பேச்சை முடித்துவிட வேண்டும். “யாரு வூட்டுப் புள்ளைங்க?” என்று ஊர்க்கவுண்டர் உரிமையோடு கேட்பார். அவருக்கு மரியாதை குறையாமல், “அதை நான் சொல்லக் கூடாதுங்கய்யா, சட்டம் அப்படி. உங்க ஒத்தாசை வேணும்னா நானே உங்க வூட்டுக்கு வந்து கேக்கறேன்” என்று சொல்ல முடியும். மூன்று நான்கு கூட்டத்துக்குப் பிறகு அவர் கேட்பதை நிறுத்திவிடுவார். இந்தப் பணியாளரிடம் சொன்னால் வெளியே போகாது என்ற சேதி அவர் மூலமாகவே ஊருக்குள் பரவவும் செய்யும்.

கேஸ் முடியும் நாளில் சொல்ல வேண்டிய ஒன்றைப் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவு, பஸ் ஏறினால் பாதிப் பேர் தெரிந்த முகம். “அக்கா, பஸ்லயோ சந்தையிலயோ பாத்தா நானா வந்து பேச மாட்டேன், தப்பா நினைக்காதீங்க. நீங்க பேசினா பேசறேன். கூட இருக்கறவங்க யாருன்னு கேட்டா என்னன்னு சொல்றது?” அதற்கு அவர் கொஞ்சம் யோசிப்பார். “ரேஷன் கார்டு விஷயமா ஒருக்கா வந்தாங்கன்னு சொல்லிக்கறேன்” என்பார். ரேஷன் கார்டு வேலையும் நிஜமாகவே செய்து கொடுத்திருந்தால் அந்தப் பதில் வாயில் தடுமாறாமல் வரும்.